ஒதுங்கியவை

ஓலெசுண்ட். டிசம்பர். ஒன்பதரைக்கும் விடியவில்லை.
முப்பது வருடம் பயணிப் படகு ஓட்டிய ஐவின்ட்
சட்டைக்கையைத் தானே சுருட்டி நீட்டுகிறார்.
பக்கவாதத்தில் போன கால் திரும்பிவிட்டது.
மைத்துனியின் பெயர் திரும்பவில்லை.

கடலுக்குள் எது உடைந்ததென்று
கரை ஒதுங்கும் பலகை சொல்லும்.
மூளைக்குள் அறுந்த நரம்பின் நார்
இரத்தத்தில் மிதந்து
என் குழாய்க்கு வந்து சேர்கிறது.
எந்திரம் எண்ணுகிறது:
வெயில் காலத்தில் நாற்பது,
போன மாதம் அறுபத்திரண்டு.

"நீ எந்தத் துறையில் இறங்கணும்?"
மூன்றாவது தடவை கேட்கிறார்.

ஹாரெய்ட், என்கிறேன்,
முதல் தடவை சொன்ன அதே குரலில்.

"அங்கே அலை பக்கவாட்டில் அடிக்கும்.
பிடிச்சுக்கோ."

பஞ்சை அழுத்தியிருந்த என் வலது கையை
அவரே பிடித்துக்கொண்டார்.

குழாயில் தேதியை
இடது கையால்தான் எழுதினேன்.