ஒன்றும், இன்னொன்றும்

தசைகளைத் தளர்த்தும் மருந்து ஏறுமுன்
வலது மேற்கையில் பட்டை கட்டி
காற்றடைத்து இறுக்கிவிடுவோம்.
இமை, தொண்டை, விலாவின் இடுக்குகள்
ஒவ்வொன்றாகக் கதவடைக்க,
முழங்கைக்குக் கீழே மட்டும்
ஊரடங்குச் செய்தி போய்ச் சேராத
மலையோரத் தபால் நிலையம் போல
ஒரு கை திறந்திருக்கும்.
அதைப் பிடித்துக்கொண்டு நிற்பது
இந்த ஆய்வில் என் வேலை.

வால்டிவியாவில் அன்று ஒன்பதாம் நாள் மழை.
சன்னல் இல்லாத அறையிலும்
குழாய்களுக்குள் அது ஓடுவது கேட்டது.

பெயர் இஸ்மேனியா ஒயார்சோ. ஐம்பத்தெட்டு வயது.
ஆற்றோரச் சந்தையில் மீன் விற்கிறவள்.
பித்தப்பையில் கல்.
ஒப்புதல் தாளில் பேனாவை வைத்தபடி கேட்டாள்:
"தூங்குகிறவள் எப்படியம்மா பதில் சொல்வாள்?"
"சொல்லமாட்டீர்கள் என்றுதான் நினைக்கிறோம்.
நினைப்பது சரிதானா என்று பார்க்க வேண்டும்."
"அப்படியானால் உரக்கக் கூப்பிடு.
கடற்சிங்கங்களோடு கத்திக் கத்தி
பாதிக் காது போய்விட்டது எனக்கு."

திரையில் நாற்பத்திரண்டு.
ஆழ்ந்த தூக்கம் என்றது எண்.
மயக்க மருத்துவர் லெய்வா எனக்குத் தலையசைத்தார்.
எலுமிச்சை தேய்த்தும் போகாத மீன்வாசம் அந்தக் கையில்,
கட்டைவிரலடியில் பழைய கத்தி வடு.
குனிந்து, காதருகே, உரக்க:
இஸ்மேனியா, கேட்கிறதென்றால் என் கையை அழுத்துங்கள்.

அழுத்தினாள்.

நரம்பின் துடிப்பல்ல அது.
துடிக்கும் மீன் நழுவாதிருக்கப் பிடிக்கிறவளின் பிடி.
முகத்தில் ஒன்றுமில்லை.
ஒட்டுத்தாள் மூடிய கண்கள்,
தனக்காக மூச்சுவிடும் எந்திரத்தின் பக்கம்
சற்றே சாய்ந்த தலை.

வலிக்கிறதென்றால் இரண்டு முறை.

ஒன்று.
லெய்வா ஊசிக்குழலை எடுக்கத் திரும்பினார்,
தட்டில் ஏதோ உருண்டது,
பிறகு
இன்னொன்று.

இரண்டா அது?
ஒன்று, அப்புறம் வேறு ஏதோ ஒன்றா?
படிவத்தில் மூன்று கட்டங்கள்:
ஆம், இல்லை, பதிலில்லை.
"அதை அப்புறம் நிரப்பு" என்றார் லெய்வா.
மருந்து ஏற ஏற என் உள்ளங்கையில்
அந்தக் கை கனத்துக்கொண்டே போனது.
விடவேண்டிய நேரம் தாண்டியும்
விடவில்லை நான்.

மாலையில் வழக்கமான கேள்விகள்.
தூங்குமுன் கடைசியாக நினைவில் இருப்பது?
"விளக்கு. வட்டமாக."
விழித்ததும் முதலில்?
"தாகம்."
இடையில்?
"இடையில் என்ன இருக்கும்?" என்றாள்,
கேட்பவளுக்குத்தான் ஏதோ ஆகிவிட்டதென்பது போல.

நினைவில்லாத வலி நடந்த வலியே என்று நானும்,
நினைவில்லையென்றால் யாருக்கு நடந்தது என்று லெய்வாவும்
காப்பி ஆறும்வரை வாதாடினோம்.
தீர்ப்புச் சொல்ல வேண்டியவள்
மேல்மாடியில் சூப்புக்கு உப்புப் போதவில்லையென்று
சண்டை போட்டுக்கொண்டிருந்தாள்.
அவளுடைய பன்னிரண்டு நிமிடங்கள்
அவளிடம் இல்லை, என்னிடம் இருக்கின்றன.
திருப்பிக் கொடுக்க முகவரி இல்லை.

செப்டம்பரில் சந்தைக்குப் போனேன்.
முகக்கவசம் இல்லாத என்னை
அவளுக்குத் தெரியவில்லை.
படித்துறையில் கடற்சிங்கங்கள் குடல் கேட்டுக் குரைத்தன.
"எத்தனை?" என்று கத்தினாள்.
இரைச்சலில் குரல் எடுபடாமல்
ஒரு விரலைத் தூக்கினேன்.
வீட்டில் தங்கை வந்திருப்பது நினைவு வர,
சற்றுப் பொறுத்து,
இன்னொன்றை.

வெட்டுக்கத்தியை நிறுத்திவிட்டு
என் கையையே பார்த்தாள் இஸ்மேனியா.
"சரியாகச் சொல்லு பெண்ணே,
இரண்டா,
ஒன்றும் ஒன்றுமா? தனித்தனியாகக் கட்டணுமா?"