இரண்டரை அங்குலம்

பதினொரு வருஷமாய் முதுகு நோவு என்று
நான் சொல்லித் திரிந்தது முதுகு நோவு அல்ல.
இரண்டரை அங்குலம்.

கட்டைபறிச்சான் களப்பில் நண்டு பிடிக்கிற
முக்கால்வாசித் தோணியில் நழீம் செய்த துடுப்புத்தான்.
நழீம் நெடுவல்.
மரத்தைத் தன் பக்கத்தில் நிறுத்தி
நாடி மட்டத்தில் பென்சிலால் ஒரு கீறு,
அதிலே வெட்டு. அவ்வளவுதான் அளவு.
மூதூர் ஜெட்டி ரோட்டுப் பட்டறையை விட்டு இறங்காமலே
எங்கள் எல்லோருடைய கையாலும்
அவனே களப்பை வலித்துக்கொண்டிருந்தான்.

தற்செயலாய்த்தான் தெரிய வந்தது.
கண்டல் வேரில் மாட்டித் துடுப்பு முறிந்த அன்று
நண்டுப் பெட்டியின் மூடிப்பலகையால்
குனிந்து, வழித்து, வழித்து, கரை வந்தேன்.
அன்றிரவு தைலப் போத்தல் திறக்காமலே தூக்கம்.
விடிந்ததும் பஸ் ஏறினேன்.

"என்னை அளந்து செய்" என்றேன்.
நழீமுக்குக் காது சிவந்தது.
டேப்பை மனைவி கையில் கொடுத்துவிட்டு
சுவரைப் பார்த்து நின்றான்.
ஹபீலா என்னை முக்காலியில் இருத்தி
பலகையிலிருந்து மூக்கு வரை பிடித்து
"சுவாசிக்காம இரி" என்றாள், தைக்கிறவள் மாதிரி.
அவன் முதுகைக் காட்டியபடி கொப்பியில் எழுதினான்:
கனகேஸ்வரி. நாலடி மூன்றரை.

மரம் சாவண்டலை,
இடித்த அரிசி ஆலையின் கூரைவளை.
எத்தனை போகத்துத் தவிட்டைக் குடித்ததோ,
சீவுளி ஓட ஓடப்
புழுங்கல் அவிகிற மணம்.
ஹபீலா உள்ளேயிருந்து இரண்டு தரம் எட்டிப் பார்த்தாள்
அடுப்பில் ஏதும் வைத்தோமா என்று.

வாச்சியால் இலையை ஒதுக்கினான்.
நடு முதுகு விட்டு இரு ஓரமும் மெலிய
போத்தல் ஓட்டால் சுரண்டினான்.
பிடிக்கு வந்ததும், "கையை நனைச்சுப் பிடிங்க."
பிடித்தேன்.
ஈரம் ஆழப் பதிந்த இடத்தில் ஒரு சுருள் எடுத்தான்.
திரும்ப நனை, திரும்பப் பிடி,
திரும்ப ஒரு சுருள்.
அசர் பாங்கு சொல்லும்வரை
என் கை எங்கே முடிகிறது என்று
மரத்திடம் கேட்டுக்கொண்டிருந்தான்.

காசில்தான் சண்டை.
"மரம் குறைஞ்சிருக்கு, விலை குறையேல்லையே?"
"குறைச்சதுக்குத்தானே அக்கா கூலி."
இருநூறு ரூபாய் கழித்தான், ஹபீலா முறைத்ததால்.

முதல் நாள் தோணி வட்டம் அடித்தது.
பழைய நீளத்துக்குப் பழகிய தோள்
இல்லாத மரத்தை எட்டி எட்டித் தள்ளியது.
பாலத்தில் நின்ற மரியநாயகம் கூவினான்:
"நண்டுக்கு டான்ஸ் காட்டுறியோ?"
பதில் சொல்ல மூச்சில்லை.
இரண்டாம் நாளும் வட்டம், கொஞ்சம் பெரிசாய்.
முறிந்ததை ஒட்டித் தரச் சொல்வோமா என்றும் நினைத்தேன்.
எந்த நாள் நேரானது, தெரியாது.
திரும்பிப் பார்க்கையில் தடம் நேராய்க் கிடந்தது,
நான் வேறெதையோ,
சீட்டுக்காசை, யோசித்துக்கொண்டிருந்தேன்.

இப்போது நழீமின் கொப்பியில் ஒன்பது பேர்.
ஏழு பெண்கள், இடக்கைக்கார ராசிக்,
பிறகு
இருட்டினபின் வந்து
"ஒருத்தருக்கும் சொல்லாதே" என்று முக்காலியில் ஏறியிருந்த
மரியநாயகம்.

ஒன்று சொல்ல மறந்தேன்.
பிடிக்குக் கீழே ஆலைக்காலத்து ஆணி ஓட்டை ஒன்று.
மரத்தூளும் பசையும் குழைத்து அடைக்க வந்தான்.
வேண்டாம் என்றேன்.
பெருவிரல் சரியாக அங்கே போய் இருக்கிறது.
மாரியில் அதற்குள் தண்ணீர் நிற்கும்,
துடுப்பைத் தூக்கும்போது
முழங்கை வரை ஒழுகும், குளிராய்.
அதற்கு மட்டும் இன்னும்
நழீமைத் திட்டுகிறேன்.