பதினேழில் ஒன்று

காரைக்குடி பத்திர ஆபீஸ் வாசலில்
டாக்சிக் கதவைத் தொடுமுன்
சட்டைக் கையை இழுத்து விரல்களை மூடிக்கொள்கிறாள் உமையாள்.
"என்ன ஆத்தா, கை சுடுமா?"
தேனப்ப அண்ணன் சிரிக்கிறார்.
சுடும். அவள் பிறந்த ஊரில்
ஜூன் மாதக் கைப்பிடி தோலை உரித்துக்கொள்ளும்.
ஸ்டியரிங்குக்கென்று
அடுப்படிக் கையுறை ஒரு ஜோடி வைத்திருக்கிறோம்.

"ஃபீனிக்ஸ் பெரிய ஊரோ?"
வளர்கிற ஊர் என்றேன்.
போன வருஷம் எங்கள் தெருதான் கடைசி,
தாண்டினால் கள்ளியும் கல்லும்.
இப்போது கடைசித் தெரு வேறு யாருக்கோ.
கள்ளியைக்கூட எண் கட்டி
வேரோடு லாரியில் ஏற்றுகிறார்கள்.
நடும்போது அதன் பழைய தெற்கு
தெற்கிலேயே இருக்க வேண்டுமாம்,
மாறினால் பொசுங்கிவிடுமாம்.
எங்களை நட்டபோது
யாரும் திசை கேட்டதாக நினைவில்லை.

"வயிரவன் யாருங்க?"
எழுத்தர் வாசிக்கிறார்:
பதினேழில் ஒரு பங்கு,
இரண்டாங்கட்டில் வடக்கு அறை,
கிணற்றில் நீர் இறைக்கும் பாத்தியம்.
இவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே
மனதுக்குள் வகுக்கிறார்:
அங்கே ஏசி மாற்ற வேண்டும்,
மீதி, முப்பது வருஷக் கடனில்
பதினோரு மாதம்.

ரேகைக் கருவி இரண்டு தடவை
இவர் பெருவிரலை ஏற்கவில்லை.
மூன்றாவதில் ஏற்றது.

"கெணத்துல தண்ணி இருக்காம்மா?"
தெரியவில்லை.
பங்காளிகளைக் கேட்டோம்,
அவர்களுக்கும் தெரியவில்லை.

விமானத்துக்குப் போகிற வழியில்
கொஞ்சம் நிறுத்தச் சொன்னாள்.
விற்ற வீட்டின் கிணற்றில்
ஒரு கல்லைப் போட்டாள்.
மூன்று பேரும் குனிந்து நின்றோம்.
சத்தம் வருமுன்
டாக்சிக்காரர் ஹார்ன் அடித்துவிட்டார்.