ஆணி எடை

பேட்டை தாண்டி, ரயில்வே கேட் தாண்டி,
உடைமரக் காட்டுக்குள் ஒரு தகரக் கதவு.
நான் வருவது நேற்றே தெரிந்திருக்கிறது.
வாசலில் தண்ணீர் தெளித்திருந்தார்கள்,
மாப்பிள்ளை வீட்டார் வரும் தெரு மாதிரி.

மைதீன் பிச்சை, உரிமையாளர்.
உரிமம் போன டிசம்பரோடு முடிந்துவிட்டது.
'ஆன்லைன்ல போட்டாச்சு மேடம்,
சுத்திக்கிட்டே நிக்கி' என்றார்.
எங்கள் சர்வர் சுற்றும் என்பது எனக்குத் தெரியாதா.
அதை மட்டும் எழுதவில்லை.

குவியல் மூன்று மீட்டர் இருக்கலாம்.
இருந்தது ஐந்து. உச்சியில் ஒரு வெள்ளாடு.
'இதையும் சேத்து அளக்கவா?'
டேப்பின் மறுமுனையிலிருந்து கேட்டான்
டிரைவர் செல்லப்பாண்டி.

வீடுகள் இங்கே தலைகீழாய் வந்து சேர்கின்றன.
மொட்டைமாடி அடியில், அஸ்திவாரம் மேலே.
நீலச் சுவர்த்துண்டு ஒன்றில்
இன்னும் போட்டபடி இருக்கிறது ஒரு சுவிட்ச்.

கிரஷரை ஓட்டச் சொன்னேன்.
பூஜையறைத் தரையும் கக்கூஸ் தரையும்
ஒரே ஜல்லியாய் வெளியே வந்து விழுந்தன.
தூசி எழுந்தது,
பச்சை வலையின் கிழிசலைக் கண்டுபிடித்தது,
கோடகன் கால்வாய்ப் பக்கம் போனது
பழகிய வழி போல.
என் கருவியில் எண் ஏறிக்கொண்டே இருந்தது.
'ஆனி மாசத்துக் காத்து மேடம்,
அதுக்கு யாரு லைசென்ஸ் கொடுத்தா?'
'தண்ணீர் பீய்ச்சும் குழாய்?'
'இருக்கு.'
இருந்தது.
சுருளாக, பாலித்தீன் பிரிக்காமல்.

மரக்கொட்டகையில் பூலம்மாள்.
கதவுப் பலகையை மடியில் கிடத்தி ஆணி பிடுங்குகிறாள்.
முகமூடி கழுத்தில். கையுறை ஒரு கையில்.
'இன்னொண்ணு எங்கே?'
'முத்துலெச்சுமிகிட்ட. அவ இடக்கை.'
நாள் கூலி நானூற்றைம்பது.
ஆணி எடை அவளுக்கு. பக்கத்தில் பெயிண்ட் டின், பாதி நிறைந்து.
'நிலைக்கு அடியில காசு வச்சிருப்பாக,
வச்சிட்டு மறந்துருவாக.
ஒருக்க வெள்ளிக்காசு கெடைச்சுது,
மொதலாளிகிட்ட மூச்சு விடலை'
என்றாள், முதலாளி கேட்கவே.

பெயிண்ட் அடித்த மரம் தனி, அடிக்காதது தனி:
விதி அப்படி.
இங்கே பச்சை ஜன்னலும் வேப்பஞ்சட்டமும்
ஒரே சிப்பருக்குள் போகின்றன.
'தூள் எங்கே போகிறது?'
'செங்கச் சூளைக்கு' என்றார் மைதீன் பிச்சை.
'ரஸ்க் பட்டறைக்கும்' என்றாள் பூலம்மாள்,
தலை நிமிராமல்.
அவர் செருமினார்.
'எந்தப் பட்டறை?'
சொன்னாள்.

காலையில்தான், அலுவலகத்துக்கு எதிர் டீக்கடையில்,
முக்கி இரண்டு தின்றிருந்தேன்.
மயில் படம் போட்ட அதே பாக்கெட்.
நாக்கு பற்களுக்குப் பின்னால் போய்த் தேடியது
யார் வீட்டு ஜன்னல் என்று.

எழுதினேன்.
உயரம், வலை, குழாய்: பதினைந்து நாள் அவகாசம்.
வண்ண மரம் அரைப்பது: இன்றோடு நிறுத்தம்.
பட்டறைக்கு வேறு தாள்.

'சிப்பர் நின்னா?' என்றாள் பூலம்மாள்.
'பலகை வரும். ஆணி பிடுங்கலாம்' என்றேன்.
எனக்கே நிச்சயமில்லாத ஒன்றை
அரசாங்கக் குரலில்.

மைதீன் பிச்சை கையெழுத்துப் போட்டார்,
புள்ளி வைக்க மறந்து, திரும்ப வந்து வைத்தார்.
இளநீர் வெட்டியிருந்தார். நான் தொடவில்லை.
செல்லப்பாண்டி இரண்டையும் குடித்தான்.

ஜீப் வரை நடந்தபோது
வலது கால் மட்டும் டக் டக் என்றது.
பூலம்மாளுக்கு அந்தச் சத்தம் தெரிந்திருக்கிறது.
கொறடோடு எழுந்து வந்தாள்.
'நில்லுங்க. காலைத் தூக்குங்க.'
லாடம் அடிப்பவளைப் போல
என் செருப்பைத் தன் முழங்காலில் வைத்து
ஒரே இழுப்பு.
இரண்டங்குலம்.
சதைக்கு ஒரு நூல் தள்ளி நின்றிருந்தது.

வெயிலுக்கு நேரே பிடித்துப் பார்த்தாள்
வளைந்திருக்கிறதா என்று.
பிறகு
டின்னில் போட்டாள்.