நான்காவது திருகாணி

செம்பூரில் பெரியப்பா மகன் இருக்கிறான்.
இரண்டு படுக்கையறை, பதினேழாம் மாடி,
கீழே காவலாளி, அவன் தலைக்கு மேல் கேமரா,
எல்லாவற்றுக்கும் மேல் அண்ணி.
எத்தனை மணிக்கு வருவாய் என்பாள்.
சாப்பிடாமல் காத்திருப்பாள்.
அதுவும் ஒரு பூட்டு.
சாவி அவளிடமும் கிடையாது, பாவம்.

எனவே ஐந்து நாளுக்கு ஓர் அறை தேடினேன்.
காதுக்கருவி விற்கிறவள் நான்.
புது மாடலுக்கு மும்பையில் பயிற்சி.
கோவையில் கடை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு
ஒவ்வொரு லாட்ஜாக ஃபோன் போட்டேன்.
பார்க்க முடியாத இடத்தைக்
கேட்டுத்தானே பார்க்க வேண்டும்.

தாதரில் எடுத்தவர்,
"எத்தனை பேர்?"
ஒருத்தி.
"கூட யார்?"
கூட ஒரு பெட்டி.
வைத்துவிட்டார்.

கிராண்ட் ரோட்டில் அறை இருந்தது.
குரலில் தேன் ஒரு கரண்டி கூடுதல்.
"கவலையே வேண்டாம் மேடம், ராத்திரி நான்தான் இருப்பேன்."
அதுதான் கவலை.

அந்தேரியில் பெண்களுக்கு மட்டும்.
ஒன்பதரைக்கு கேட் சாத்திவிடுவார்களாம்.
பத்தரைக்கு வந்தால்?
"நல்ல வீட்டுப் பெண்கள் வர மாட்டார்கள்."
ஊரைவிட அந்த கேட்டுக்குத்தான் பயந்தேன்.

கொலாபாவில் எல்லாம் சரி.
ஐந்து நாள் வாடகை, என் இரண்டு மாதக் கமிஷன்.

நான் கேட்டது பெரிதாக ஒன்றுமில்லை.
ஸ்டேஷனிலிருந்து வரும் வழியில்
இரவு பதினொன்றுக்கு எத்தனை கடை திறந்திருக்கும்,
படிக்கட்டில் பல்பு எரியுமா,
தாழ்ப்பாள் உள்பக்கம் உண்டா.
தாழ்ப்பாளுக்கு எல்லோரும் சிரித்தார்கள்.

ஒருத்தி சிரிக்கவில்லை.
பஜார்கேட் தெரு, மூன்றாம் மாடி.
"இருங்கள், பார்த்துவிட்டு வருகிறேன்" என்று
ஃபோனை மேஜையில் வைத்துவிட்டுப் போனாள்.
செருப்பு போகிற சத்தம்.
யாரோ வாளியில் தண்ணீர் பிடிக்கிற சத்தம்.
தூரத்தில் இரும்பு இரண்டு முறை இழுபட்டது.
செருப்பு திரும்பி வந்தது.
"உள்பக்கம்தான். நாலு திருகாணியில் ஒன்று இல்லை.
நீங்கள் வருவதற்குள் போட்டுவிடுகிறேன்."

இருவருக்கும் இந்தி அரைகுறை.
அவள் ஸ்நேஹல். நான் அங்கயற்கண்ணி என்றேன்.
கொஞ்சம் மௌனம்.
"வந்து நீங்களே எழுதிக்கொள்ளுங்கள்."

அம்மாவிடம் கம்பெனி கெஸ்ட் ஹவுஸ் என்றேன்.
கம்பெனி என்ற சொல்லுக்கு
ஓர் ஆண்பிள்ளை துணைக்கு வந்த மதிப்பு.

ரயில் தாமதம். பத்தே முக்காலுக்கு இறங்கி
எண்ணிக்கொண்டே நடந்தேன்:
மருந்துக் கடை, பாவ் பாஜி வண்டி, இரண்டு பான் கடை,
மூட்டைமேல் தூங்கும் ஒருவர்,
அவர் பக்கத்தில் தூங்காத நாய்.

பதிவேட்டில் ஒரு கட்டம், கணவர் அல்லது தந்தை பெயர்.
ஸ்நேஹல் காலண்டரைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.
காலியாக விட்டேன்.
அந்தக் காலியிடத்தின் மேலேயே முத்திரை குத்தினாள்.

அறையில் ஒரு கட்டில், ஒரு நாற்காலி,
பாதி முகம் மட்டும் காட்டும் கண்ணாடி.
தாழ்ப்பாளில் மூன்று திருகாணிக்குத் துரு.
நான்காவது மூக்குத்தி மாதிரி மின்னியது.

போட்டேன். இழுத்துப் பார்த்தேன். அசையவில்லை.
ஆனாலும் நாற்காலியை நகர்த்திக்
கதவுக்கு முட்டுக் கொடுத்தேன்.
அவளைச் சந்தேகித்து இல்லை.
குழம்புக்கு உப்புப் போடுகிற மாதிரி
கை பாட்டுக்குச் செய்தது.

படுத்த பிறகு, சுவருக்கு அந்தப் பக்கம்
மரக்கால் நாலு தரையில் உரசி நகர்ந்தன.
நாற்பத்தைந்து டெசிபல் இருக்கும்.
கதவு வரை போய் நின்றது.
யாரென்று தெரியாது.

பன்னிரண்டு அடித்தபின்
பதிவேட்டு மேஜைக்குப் பின்னால்
ஸ்நேஹல் படுக்கிற சின்ன அறைப் பக்கமிருந்து
இன்னொன்று.