தவறணையில் ஒரு அளவை

ஆய்வுகூடத்தில் கையெழுத்து வைக்காமல் எடுத்த
அடர்த்திமானி, சாமிக்கவின் காற்சட்டைப் பையில்.
அறிவியல் நகர் வாசலில் இருந்து
இரண்டு சைக்கிள், மூன்று பேர்,
கிரவல் ரோட்டில் தவறணை மட்டும்.

பீப்பாய்க் கள்ளில் விட்டோம்.
ஆடி ஆடித் தாழ்ந்தது.
"ஒண்டு தசம் பூச்சியம் பூச்சியம் நாலு"
சாமிக்க தமிழில் வாசிக்க
வாங்கில் இருந்தவர்கள் கைதட்டினார்கள்.
மனேச்சர் நகுலேசன் மட்டும்
கொப்பியை மூடினார்.

மரத்தால் இறங்கி நேரே வந்த குணசிங்கம்
இடுப்புக் கத்தியைக் கழற்றாமல்
தன் முட்டியை நீட்டினார்.
"தண்ணி கலந்தது எண்டு
போன கிழமை திருப்பினது இந்த மரத்துக் கள்ளுதான்.
விட்டுப் பாருங்கோ தம்பியள்."

உயர்ந்து நின்றது.
எல்லாரும் எங்களைப் பார்த்தார்கள்.

தண்ணி விட்டாலும் தாழும்,
புளிச்சாலும் தாழும்;
இது பாரத்தைச் சொல்லும், ஆளைச் சொல்லாது.
அதைத்தான் சொன்னேன்,
நிலத்தைப் பார்த்தபடி,
பரீட்சையில் எழுதுவதுபோல.

குணசிங்கம் சிரித்தார்.
பிளாவில் வார்த்துத் தந்தார். காசு வேண்டவில்லை.
மிதந்த ஈயை ஊதிவிட்டுக் குடித்தேன்.
பிறகு, வாங்கில் மிச்சம் இருந்த
பீப்பாய்க் கள்ளையும்.

நாக்குக்குத் தெரிந்தது.
சைக்கிளை எடுத்தோம்.