மறுமுனை

குந்தலஹள்ளி. இரவு ஒன்றே முக்கால்.
என் நிரல் சாகவில்லை,
செத்திருந்தால் ஒரு கோர் கோப்பாவது போட்டிருக்கும்.
சும்மா இருந்தது.

அதற்கு வேலை இவ்வளவுதான்:
ஒரு பைப், ஒரு ஃபோர்க்.
சேய் வேறொரு நிரலாக மாறிப் பேசும்,
தாய் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும்.

ஒரு தப்பு மாலையிலேயே அகப்பட்டது.
முடிக்கட்டும், பிறகு கேட்போம் என்று
வெயிட்பிட்டில் உட்கார்ந்திருந்தது தாய்.
பைப் கொள்ளும் அறுபத்தைந்தாயிரத்துச் சொச்சம் பைட்டுக்கு மேல்
ஒரு எழுத்து கூடினால்
சேய் வாயைத் திறந்தபடி நின்றுவிடும்.
நீ முடி என்று இது, நீ கேள் என்று அது.
நாசிக் வாடிக்கையாளரிடம் மட்டும்
பதினோரு நாளாக இந்த மரியாதை.

மாற்றினேன். முதலில் படி, தீரும்வரை படி,
அப்புறம் காத்திரு.
சிக்னல் குறுக்கிட்டால் மறுபடி கேள்.
கடைசிச் சுழியத்துக்கு ஓரிடம் விட்டு வை.
ஜெபகனி பார்த்துவிட்டு 'ம்' என்றாள்.
அவள் அகராதியில் அது நீண்ட பாராட்டு.

இப்போது எல்லாம் வந்தாயிற்று, கடைசி வரிகூட.
சேய் முடித்துவிட்டு
அடக்கம் செய்ய ஆளில்லாமல் பட்டியலில் கிடக்கிறது.
தாய் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறது.

கீழே தண்ணீர் டேங்கர்.
சம்ப் நிரம்பி வழிய, முனிராஜுவைப் பார்த்து
வாட்ச்மேன் கத்துகிறார்: 'சாக்கு! சாக்கு!'
கன்னடத்தில் அது போதும்.
எங்கள் ஊரில் தப்பிக்கச் சொல்லும் காரணம்.
ஒன்பதரை மணிக் கூட்டத்துக்கு எனக்கு இரண்டும் வேண்டும்.

தாயின் கையில் என்னென்ன திறந்திருக்கிறது என்று
ஒவ்வொன்றாக எண்ணினேன்.
மூன்று, படிக்கும் முனை.
நான்கு
எழுதும் முனை.

யாரோ இன்னும் பேசக்கூடும் என்று
கெர்னல் கதவைச் சாத்தாமல் வைத்திருந்தது.
அந்த யாரோ நான்தான்.
நான் பேசப்போவதில்லை என்று எனக்குத் தெரியும்,
அதனிடம் சொல்லவில்லை.

ஃபோர்க்குக்குக் கீழே ஒரு வரி. குளோஸ்.
ரீட் சுழியத்தோடு திரும்பியது.
இத்தனை வருடத்தில்
ஒரு சுழியத்துக்கு நான் கைதட்டியதில்லை.

பிறகுதான், குளிர்ந்த தேநீரோடு,
சேய் சொன்னதைப் படித்தேன்.
அதுவரை தோன்றவே இல்லை.
ஒரே வரி, இரண்டாயிரத்துச் சொச்சம் முறை:
கோப்பைத் திறக்க முடியவில்லை
கோப்பைத் திறக்க முடியவில்லை